மற்றவை: துளைபோடும் இயந்திரம், குவெக்கின் பாட்டு

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இன்னொலி என்ற கருவியைப் பொருத்திய பிறகு நாகரிகம் வந்துவிட்டதாகப் பேட்டை நிர்வாகம் பெருமைப்பட்டுக்கொள்கிறது. எனக்கு வந்தது நஷ்டம்தான். முன்பெல்லாம் எட்டாம் மாடி மருமகள் தட்டை வீசினால் ஐந்தாம் மாடியில் என் தாளிப்பு நின்றுவிடும். விழுந்தது பீங்கானா எவர்சில்வரா என்பதைக்கூடச் சொல்லிவிடுவேன். இப்போது எதிர் ஜன்னலில் வாயசைவதைப் பார்த்துக் கதையை நானே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வயதில் எவ்வளவு வேலை!

சிங்கப்பூரில் எங்கள் பேட்டைக்குத்தான் முதலில் வந்தது. கீழ்த்தளத்துத் தூண்களில், தாழ்வாரங்களில், வீட்டுக் கூரைகளில் எல்லாம் சட்டைப் பொத்தான் அளவில் காதுகள் பதித்தார்கள். ஒவ்வொரு காதுக்குப் பக்கத்திலும் ஒரு வாய். பிடிக்காத சத்தம் எழுந்தால் காது அதைக் கேட்டுச் சொல்லும், வாய் உடனே அதற்கு நேர் எதிரான சத்தத்தை ஊதும், இரண்டும் மோதி ஒன்றுமில்லாமல் போகும். பிடித்த சத்தம் எது, பிடிக்காதது எது என்று தீர்மானிப்பது யார் என்று விளக்கக் கூட்டத்தில் கேட்டேன். பிஸ்கட் கொடுத்தார்கள்.

இது இருக்கட்டும். நாலு மாதம் முன்பு மூன்றாம் மாடி குவெக் இறந்துபோனார்.

குவெக் ஷெங் வாசிப்பவர். மூங்கில் குழல்களைக் கட்டாகச் சேர்த்து, அடியில் ஒரு கிண்ணத்தில் செருகி, வாயால் ஊதும் சீனக் கருவி அது. பார்ப்பதற்கு யாரோ ஒரு சின்ன வேலியைப் பிடுங்கி முத்தம் கொடுப்பது மாதிரி இருக்கும். அவர் மனைவி சியோக் ஹூன் இரண்டு தந்தி வில்வாத்தியமான எர்ஹு வாசிப்பாள். இவர்களோடு ஏழாம் மாடி மெர்வின் பெஸ்தானா சாக்ஸபோன், எதிர் புளோக் செங்குட்டுவன் அண்ணன் கஞ்சிரா. மெர்வின் ஐரோப்பிய ஆசியக் கலப்பில் பிறந்த யூரேசியர், கப்பலில் ஜாஸ் வாசித்தவர், இரண்டு முறை கல்யாணம் செய்து இரண்டு முறையும் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர். காரணங்களை இன்னொரு நாள் சொல்கிறேன். செங்குட்டுவன் அண்ணன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். நாலு பேரும் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் நாசி சம்பூர். சோற்றின்மேல் நாலுவகைக் கறியை ஒரே தட்டில் ஊற்றித் தருவார்களே, அந்தச் சாப்பாட்டின் பெயர்.

இத்தனை வருஷமாக அவர்கள் வாசித்ததெல்லாம் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு மதுக்கடையில். இங்கே வாசித்ததே இல்லை. படுக்கையில் கிடந்தபோது குவெக் ஒரு மெட்டு எழுதினார். தன்னை எடுக்கும்போது அதை வாசிக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். கேட்டது அவ்வளவுதான். தங்கத்தில் பெட்டி கேட்கவில்லை.

சீனர் வீட்டுச் சாவு எங்கள் ஊரில் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். புளோக் கீழ்த்தளத்தில் துணி கட்டி, பெட்டியை நடுவில் வைத்து, மேசை போட்டு, வேர்க்கடலையும் பொட்டல பானமும் வைப்பார்கள். வந்தவர்கள் மாஜோங் என்ற சீனக் கட்டையாட்டம் ஆடுவார்கள், பிணத்துக்குத் துணையாக. எடுப்பதற்கு முதல்நாள் பிற்பகல் மூவரும் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நானும் கடலையோடு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.

சியோக் ஹூன் வில்லை இழுத்தாள். மெர்வின் கன்னம் உப்பியது. செங்குட்டுவன் அண்ணனின் விரல்கள் உடும்புத் தோலில் ஓடின.

ஒரு சத்தமும் இல்லை.

தொலைக்காட்சியில் ஒலியை அமுக்கிவிட்டால் எப்படியோ அப்படி. வில் போகிறது, வருகிறது. மெர்வினின் கழுத்து நரம்பு புடைக்கிறது. நான் கடலை உடைப்பது கேட்கிறது! பின்னால் மாஜோங் கட்டைகள் கலகலவென்று உருள்வது கேட்கிறது! அவர்கள் வாசிப்பது மட்டும் கேட்கவில்லை. அவரவர் கருவி அவரவர் எலும்புக்குள் கேட்டதால் அவர்களுக்கே விஷயம் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. சியோக் ஹூன் நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தாள். வில்லை மடியில் வைத்தாள்.

நான் பேட்டை நிர்வாகத்துக்குப் போன் போட்டேன். தர்ஷினி என்று ஒரு பெண் வந்தாள். அவள் அம்மாவை எனக்குத் தெரியும், மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்காமல் வாங்காதவள். பெண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கையில் தட்டுக்கணினி, முகத்தில் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த சிரிப்பு. சாவு வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று நினைவு வந்ததும் அதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

சியோக் ஹூனோடு நாங்கள் பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம், மீதி கை. எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"கருவி கெட்டுப் போகல ஆன்ட்டி. நல்லா வேலை செய்யுது," என்றாள் தர்ஷினி.

"வேலை செஞ்ச லட்சணத்தத்தான் பாத்தோமே. மாஜோங் கேக்குது, இவங்க வாசிக்கிறது கேக்கல."

"மாஜோங் பாரம்பரிய ஒலின்னு பதிவாகியிருக்கு. இன்னொலிக்கு நாங்க வகைவகையாக் கத்துக் கொடுத்திருக்கோம். சீன இசை, மலாய் இசை, இந்திய இசை, மேற்கத்திய இசை. இந்த நாலையும் அது தொடவே தொடாது. இவங்க வாசிக்கிறது எதுலயும் சேரல. அதான் மற்றவைக்குப் போயிடுச்சு."

"மற்றவையில வேற என்னல்லாம் இருக்கு?"

அவள் திரையை உருட்டினாள். "துளைபோடுற இயந்திரம், புல்வெட்டி, குப்பை வண்டி பின்னாடி வர்ற சத்தம், வீட்டுச் சண்டை..."

"அப்புறம் என் புருஷன்," என்றாள் சியோக் ஹூன்.

தர்ஷினியின் பாதிச் சிரிப்பும் போய்விட்டது. "மேடம், அப்படி எடுத்துக்காதீங்க. பதிவுல சீன இசைன்னு நான் மாத்திடறேன். அப்ப எர்ஹு நல்லாக் கேக்கும். மத்த ரெண்டையும் மட்டும் அமுக்கிடும்."

"எங்க ரெண்டு பேரையும் வாயசைக்க வெக்கிறியா?" என்றார் மெர்வின்.

"இல்லன்னா மேற்கத்தியம்னு போடலாம் சார். அப்ப நீங்க மட்டும்..."

சியோக் ஹூன் எழுந்து நின்றாள். உயரமில்லாத பெண். அன்று உயரமாகத் தெரிந்தாள். "இந்தப் பாட்டு முழுசா அவரு. நாளைக்கு அவர்ல கால்வாசிய மட்டும் எடுத்துட்டுப் போகச் சொல்றியா? மிச்சத்த எங்க வைக்கிறது, குப்பைத் தொட்டியிலயா?"

"சரி, ஒரு மணி நேரம் நிறுத்தி வை," என்றேன் நான். "ஒரு பொத்தான் அமுக்குறதுதானே?"

"மொத்தப் பேட்டைக்கும் ஒரே இயக்கம் ஆன்ட்டி. நிறுத்தணும்னா குழு கூடணும். அடுத்த கூட்டம் அடுத்த மாசம்."

"பொணம் அதுவரைக்கும் தாங்குமா? உன் குழுவக் கேட்டுச் சொல்லு."

அவள் திரையை மறுபடி உருட்டினாள். குழந்தை அவள் என்ன செய்வாள். ஆனால் எனக்குள்ளே கொதித்த கொதிப்பு அடங்கவில்லை. இந்த ஊரில் பிறந்த பிள்ளை முதல் அழுகை அழும்போதே எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்கிறார்கள். பள்ளியில் கேட்டார்கள், வீடு வாங்கும்போது கேட்டார்கள். இப்போது பெட்டிக்குள் படுத்திருப்பவரின் பாட்டைக் கூப்பிட்டு நீ எந்த இனம் என்று கேட்கிறார்கள். பாட்டு பதில் சொல்லவில்லை என்றால் துளைபோடும் இயந்திரத்தோடு நிற்க வேண்டியதுதானாம்.

மெர்வின் கோபத்தில் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். நான் பின்னாலேயே போய் என் வீட்டு வாசலில் மடக்கிக் கோப்பி கொடுத்தேன். துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லத்தான். இரண்டாவது மனைவி வந்திருந்தாளா என்ற கேள்வி பேச்சுவாக்கில் வந்தது. அவர் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து, கோபத்தை எல்லாம் சேர்த்து ஊதினார்.

புளோக்கே அதிர்ந்தது. எனக்குக் கோப்பி கொட்டிவிட்டது.

கேட்டது! முழுசாகக் கேட்டது. மெர்வின் நிறுத்தவில்லை. அப்போது கீழேயிருந்து எர்ஹு பதில் சொன்னது. அதுவும் கேட்டது. எதிர் புளோக்கில் வீட்டுக்குத் திரும்பியிருந்த செங்குட்டுவன் அண்ணன் தன் தாழ்வாரத்தில் நின்று கஞ்சிராவில் நாலு தட்டுத் தட்டினார். அதுவும்!

கீழே தர்ஷினி தட்டுக்கணினியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைப்பிடிச் சுவரில் எட்டிக் கத்தினேன். "என்னடி சொல்லுது உன் மெஷினு?"

"மூணு தனித்தனி வீட்டுப் பயிற்சின்னு சொல்லுது ஆன்ட்டி! ஒரு மேற்கத்தியம், ஒரு சீனம், ஒரு இந்தியம். எல்லாத்துக்கும் பச்சை!"

ஆக, சேர்ந்து உட்கார்ந்தால் குற்றம், தள்ளித் தள்ளி நின்றால் பச்சை. இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு விருதும் கொடுத்திருப்பார்கள், சந்தேகமில்லை.

அன்று மாலையே ஒத்திகை பார்த்தார்கள். வந்தது அடுத்த சிக்கல். மெர்வின் ஊதியது கீழே போய்ச் சேர ஒரு நொடிப்பொழுது தாமதம். அதைக் கேட்டு சியோக் ஹூன் இழுத்தது மேலே வர இன்னொரு தாமதம். எதிர் புளோக் கஞ்சிராவோ எங்களுக்கு வேறு ஊர்த் தாளமாக வந்து சேர்ந்தது. ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் சியோக் ஹூன் கீழேயிருந்து கைகாட்டி நிறுத்தினாள். போனில் பேசினாள். "மேல எப்படி இருக்குன்னு தெரியாது. இங்க பெட்டிக்குப் பக்கத்துல ரெண்டு பேர் சத்தமும் ஒண்ணா வருது. நீங்க ரெண்டு பேரும் பெட்டிக்கு ஒரே தூரத்துல இருக்கீங்க. ஒருத்தர ஒருத்தர் கேக்காம வாசிங்க. கண்ணால பாத்துக்குங்க. நான் இங்க சேத்துக்கறேன்."

"கேக்காமலா? சியோக் ஹூன், நான் ஜாஸ்காரன்," என்றார் மெர்வின். "அடுத்தவன் என்ன சொல்றான்னு கேட்டுப் பதில் சொல்றதுதான் என் பொழப்பே."

"நாளைக்கு ஒருநாள் மட்டும் கேக்காத. அவருக்காக."

மெர்வின் போனை என் கையில் கொடுத்தார். பிறகு என்னிடம் பஞ்சு இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் எடுக்கும் நேரம். சடங்கு முடிந்து தாவோயிசப் பூசாரி மணியைக் கையில் எடுத்திருந்தார். பெட்டி தூக்கும் ஆட்கள் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்கள். மெர்வின் என் வாசலில், காதில் பஞ்சோடு. எதிரே செங்குட்டுவன் அண்ணன், அவர் காதிலும் பஞ்சு. தொடங்கும் நொடியை இருவருக்கும் ஒரே சமயத்தில் காட்ட ஆள் வேண்டும். அது நான். எதிர் புளோக்கிலிருந்தும் தெரியட்டும் என்று சமையலறையிலிருந்து பளிச்சென்று ஒரு துண்டை எடுத்து வந்து உயர்த்தினேன்.

கீழே இருந்த கூட்டம் மொத்தமும் அலறியது. பூசாரியே மணியைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஆட்டினார்.

சிவப்புத் துண்டு.

சீனர் சாவில் சிவப்பைக் காட்டுவது, நம் வீட்டுச் சாவில் நாதஸ்வரக்காரன் கெட்டிமேளம் வாசிப்பதற்குச் சமம். இத்தனை வருஷம் இந்த மக்களோடு குடியிருக்கிறேன், இவர்கள் வீட்டு வரவும் செலவும் எனக்கு அத்துப்படி, இது மறந்துபோயிற்று. "தங்கச்சி, அத உள்ள வை!" என்று எதிர் புளோக்கிலிருந்து செங்குட்டுவன் அண்ணன் கத்தினார். சியோக் ஹூன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரித்தாள். எனக்குத் தெரியும், நான் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் ஒரு வெள்ளைத் தலையணை உறையை உருவி வந்து உயர்த்தினேன். இறக்கினேன்.

தொடங்கினார்கள்.

நான் கேட்டதைச் சொல்கிறேன். பக்கத்தில் சாக்ஸபோன் காதைக் கிழித்தது. அதற்குப் பின்னால், வழி தப்பி வந்த மாதிரி எர்ஹு வந்தது. அதற்கும் பின்னால் கஞ்சிரா, மாடிப்படியில் யாரோ பாத்திரக் கூடையைக் கவிழ்த்த மாதிரி. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மூன்று பேர் சண்டை போடுவதாகத்தான் எனக்குப் பட்டது. மெர்வின் எதிரே செங்குட்டுவன் அண்ணனின் முழங்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊதினார். இமைகூடத் தட்டவில்லை. கண்ணீர் தாடைவரை வந்து சொட்டியது. துடைக்கக் கை இல்லை.

போச்சு, கெட்டுப்போச்சு என்று கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தேன்.

கீழே பெட்டியைத் தூக்கக் குனிந்த ஆட்கள் குனிந்தபடியே நின்றிருந்தார்கள். தினம் இரண்டு மூன்று பெட்டி தூக்கிப் பழகியவர்கள், எந்த அழுகைக்கும் நிற்காதவர்கள். பூசாரி மணியை அசைக்காமல் அதன் நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். தர்ஷினி பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். தட்டுக்கணினியை மார்போடு அணைத்திருந்தாள், திரை அணைந்திருந்தது. சியோக் ஹூன் கண்ணை மூடி வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவர்களைத் தாண்டி நாலடி தள்ளி நின்ற உறவுக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் காதில் விழுந்ததுதான் அவர்கள் காதிலும்.

வண்டி போன பிறகு தர்ஷினியைப் பிடித்தேன். "எப்படிடி இருந்துச்சு?"

"தெரியல ஆன்ட்டி." மூக்கை உறிஞ்சினாள். "இதப் போயி... இதப் போயி குப்பை வண்டி கூட வெச்சிருந்தோம்."

"மெட்டு எப்படின்னு கேக்கறேன். சோகமா, வேகமா?"

"சொல்ல வரல ஆன்ட்டி."

அவ்வளவுதான் கிடைத்தது. பெட்டி தூக்கியவர்களையும் வண்டிக்கு ஓடிப்போய்க் கேட்டேன். ஒருவர் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினார். ஐந்தாம் மாடியிலிருந்து நானே கொடி அசைத்துத் தொடங்கி வைத்த பாட்டு அது. எனக்கே கிடைக்கவில்லை.

மறுவாரம் நிர்வாகம் எல்லார் போனுக்கும் நாலு மொழியில் செய்தி அனுப்பியது. குவெக்கை எடுத்த நாளில் மூன்று சமூகங்களின் இசை ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று இடையூறில்லாமல் ஒலித்ததாம். இன்னொலியால் விளைந்த நல்லிணக்கத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டு, எங்களை ஐந்து நட்சத்திரம் போடவும் சொன்னார்கள். நான் போட்டது என்ன என்று இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மூவரும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமை பிற்பகலும் அவரவர் இடத்தில் அவரவர் பயிற்சி. எல்லாம் பச்சை. ஒரு காரும் குழந்தையும் கத்தாதபடி இன்னொலியே சுற்றுப்புறத்தைத் துடைத்து வைத்துவிடுவதால் சத்தம் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. பெட்டி இருந்த இடத்தில் நின்றால் மட்டும் சரியாக இருக்கும் என்று விஷயம் பரவியது. எப்படிப் பரவியது என்று என்னைக் கேட்காதீர்கள். தூணுக்கும் தபால் பெட்டிகளுக்கும் நடுவே, ஒரு கட்டில் அளவு இடத்தில், எட்டாம் மாடி மருமகளும் அவள் மாமியாரும் தோளோடு தோள் உரசி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். மலாய்க்கார ஹவா அக்கா மீன் பையோடு நின்றாள். மாஜோங் கோஷ்டி நின்றது.

என் முறை வந்தபோது போய் நின்றேன். எர்ஹு ஒரு கேள்வி கேட்டது. சாக்ஸபோன் யோசித்து, பாதி பதில் சொல்லி, மீதியை எர்ஹுவிடமே விட்டது. கஞ்சிரா இருவருக்கும் நடுவே பேச்சை ஒடிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. ஷெங் வர வேண்டிய இடங்களை மூவரும் காலியாக விட்டிருந்தார்கள். அந்தக் காலி இடம் ஒவ்வொன்றும் வரும்போது பக்கத்தில் நின்ற மாமியார் மூச்சை நிறுத்தியதைக் கேட்டேன். எவ்வளவு திமிர் இருந்தால் இதைச் சத்தம் என்று சொல்லியிருப்பார்கள்!

கூட்டம் ஏன் கூடுகிறது என்று நிர்வாகத்துக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. நடைபாதைக்கு இடைஞ்சல் என்று அந்த இடத்தில் ஒரு பெரிய பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கே நிற்க வேண்டாம் என்று நாலு மொழியில் பலகை வேறு. காகிதப்பூச் செடி. அந்த வாரம் குவெக்கின் பாட்டை அது மட்டும்தான் கேட்டது.

சியோக் ஹூன் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை மெர்வின் என் வாசலிலிருந்து ஒரு மாடி இறங்கி நின்றார். செங்குட்டுவன் அண்ணன் தாழ்வாரத்தின் மறுமுனைக்குப் போனார். சியோக் ஹூன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், நடந்தாள், ஓரிடத்தில் நின்று தலையாட்டினாள். அங்கே போட்டாள். அடுத்த வாரம் அங்கேயும் ஒரு பூந்தொட்டி வந்தது. அவர்கள் மறுபடி நகர்ந்தார்கள். மறுபடி தொட்டி. எங்கள் கீழ்த்தளம் இப்போது பார்ப்பதற்கு ரொம்ப அழகாக இருக்கிறது. போட்டியில் பரிசுகூட வாங்கலாம்.

இந்தச் சனிக்கிழமை எங்கே என்று சியோக் ஹூன் நேற்று என் காதில் சொல்லியிருக்கிறாள். மெர்வினுக்கும் செங்குட்டுவன் அண்ணனுக்கும் தெரியும், தர்ஷினிக்கும் தெரியும். மற்றபடி யாரிடமும் நான் மூச்சு விடவில்லை, சத்தியமாக. இங்கேயும் எழுதுவதாக இல்லை. நிர்வாகத்தின் கிடங்கில் இன்னும் பூந்தொட்டிகள் மிச்சமிருக்கின்றன.